வாய்ச்சொல்லும் வாடகை வீடும்

சித்திரைத் திருவிழாவின் கூட்டம் கலைந்து, பள்ளிகள் திறக்கும் நாள் நெருங்கும் வேளையில் மதுரை மாநகரின் தெருக்களில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காண்கிறோம். செல்லூரிலிருந்து புதூருக்கும், அரசரடியிலிருந்து பழங்காநத்தத்திற்கும், சிம்மக்கல்லிலிருந்து திருநகருக்கும் குடும்பங்கள் வீடு மாறுகின்றன. 'குட்டியானை' என்று மக்கள் செல்லமாகப் பெயரிட்டிருக்கும் சிறு வண்டியில் பீரோ, கட்டில், கிரைண்டர், பிள்ளைகளின் புத்தகப் பைகள் யாவும் ஏறுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, பழைய சேலையில் சுற்றப்பட்ட திருக்குடும்பப் படம் கவனமாக வைக்கப்படுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகலாகாது என்பது ஊர் வழக்கு. ஆகவே வைகாசியிலும் ஆனியிலும் இந்தப் பரபரப்பு மிகுதி.

அவ்வேளைகளில் வீட்டு வாயில்களில் தொங்கும் அட்டைகளை நாம் சற்று நின்று வாசித்தால், சிலவற்றில் 'வீடு வாடகைக்கு' என்றும், சிலவற்றில் 'வீடு ஒத்திக்கு' என்றும் எழுதியிருக்கக் காண்போம். பிறவூரார்க்கு இந்த 'ஒத்தி' புதிராக இருக்கலாம். மதுரையார்க்கு விளக்கம் வேண்டியதில்லை. வீட்டுக்காரரிடம் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். பிறகு மாத வாடகை கிடையாது. குறித்த காலம் முடிந்து வீட்டைக் காலி செய்யும்போது கொடுத்த தொகை முழுவதும் திரும்பி வரவேண்டும். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. சொல்வதற்கு எளிதாகவும் கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். தந்தை ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் நான்கு லட்சத்தை ஒத்தியாகக் கொடுத்து ஒரு சிறு வீட்டில் குடியேறினார்கள். மூன்று ஆண்டு கழிந்தது. மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. கோயிலில் ஓலை வாசிப்பும் தொடங்கிவிட்டது. பணத்தைக் கேட்டு வீட்டுக்காரரிடம் போன தாய்க்குக் கிடைத்த பதில் இது: "கொஞ்சம் பொறுங்கம்மா. அடுத்த ஆள் வந்ததும் வாங்கிக் குடுத்துர்றேன்." அடுத்த ஆள் வரவில்லை. திருமண நாளோ காத்திருக்கவில்லை. கையில் இருந்தது இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, பதிவு செய்யப்படாத ஓர் ஒப்பந்தம் மட்டுமே.

இத்தகைய துயரம் ஒரு வீட்டில் மட்டும் நிகழ்வதன்று. நம் பங்குகளில் வாடகைக்கோ ஒத்திக்கோ குடியிருப்போர் பலர். ஒன்றிரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டு அதிலேயே காலம் தள்ளும் முதியோரும் பலர். இவ்விரு சாராரும் பெரும்பாலும் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கிடையே எழும் வழக்குகளின் வேரை ஆராய்ந்தால், பலவற்றில் நாம் காண்பது வஞ்சகத்தை அன்று. எழுதப்படாத வாய்ச்சொல்லையே காண்கிறோம். இதுபற்றிச் சட்டம் என்ன கூறுகிறது, நாம் எங்கே தவறுகிறோம் என்பதைச் சிறிது சிந்திப்போம்.

சட்டம் பிறந்த கதை

பழங்காலத்தில் வீட்டு வாடகை என்பது வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் தமக்குள் பேசி முடிக்கும் காரியமாகவே இருந்தது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் அதற்குப் பொதுவான நெறிகளை வகுத்திருந்தது. மாத வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்யச் சொல்ல வேண்டுமாயின் பதினைந்து நாள் முன்னறிவிப்புப் போதும் என்பது அச்சட்டத்தின் விதி.

இரண்டாம் உலகப் போர் நிலைமையை மாற்றிவிட்டது. பிழைப்புத் தேடி மக்கள் நகரங்களை நோக்கித் திரண்டனர். சிமெண்டும் இரும்பும் போருக்கே போயின. புதிய வீடுகள் எழவில்லை. வாடகை ஏறியது, கொடுக்க இயலாதவர்கள் தெருவில் நின்றார்கள். ஆகவே அரசு தலையிட நேர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1946-ஆம் ஆண்டிலும், மீண்டும் 1949-ஆம் ஆண்டிலும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. அவற்றின் இடத்தில் நிலைபெற்றது 1960-ஆம் ஆண்டின் 18-ஆம் சட்டம். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நம் நகரங்களின் வாடகை வாழ்வை ஆண்டது இச்சட்டமே. பஞ்சாலைகளாலும் வாணிகத்தாலும் வளர்ந்து 1971-இல் மாநகராட்சியான மதுரையில், ஒரு பொதுக் குழாயைச் சுற்றிப் பல குடும்பங்கள் வாழும் வளவுகளுக்கும் காம்பவுண்டு வீடுகளுக்கும் இது அரணாக நின்றது. நகர எல்லைக்கு அப்பால் உள்ள சிற்றூர்களிலோ, அரசு தனியே அறிவித்தாலன்றி, பழைய பொதுச்சட்டமே நடப்பில் இருந்தது.

1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாரம் ஒன்றே. சட்டம் கூறும் காரணங்களுள் ஒன்று இருந்து, அதை வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர் முன் மெய்ப்பித்தாலன்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. வாடகையை வேண்டுமென்றே கொடுக்காமை, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், வீட்டைச் சேதப்படுத்துதல், அக்கம்பக்கத்தார்க்குத் தொல்லை தருதல், வீட்டுக்காரரின் உரிமையையே மறுத்தல், வீட்டுக்காரருக்கே வீடு தேவைப்படுதல், இடித்துக் கட்ட வேண்டியிருத்தல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கலாகாது என்றும் அச்சட்டம் விதித்தது. நியாய வாடகை எவ்வளவு என்று அலுவலரே கணக்கிட்டு உறுதி செய்யலாம். 1973-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், மனையின் விலையும் கட்டடத்தின் விலையும் சேர்ந்த மொத்த மதிப்பில் ஆண்டுக்கு நூற்றுக்கு 9 பங்கு குடியிருப்புக்கும், 12 பங்கு கடை முதலியவற்றுக்கும் கணக்காயிற்று.

வேண்டுமென்றே கொடுக்காமை எது?

ஒரு தொழிலாளிக்கு ஆலை மூடப்பட்டு இரண்டு மாதம் சம்பளம் இல்லை, வாடகை நின்றது. மற்றொருவர் கையில் பணம் இருந்தும் வீட்டுக்காரரை அலைக்கழிக்கிறார். இருவரையும் ஒரே தட்டில் வைக்கலாமா? இந்தக் கேள்வி நீதிமன்றங்களை நெடுங்காலம் வாட்டியது. இரண்டு மாத அவகாசம் தந்து வீட்டுக்காரர் எழுத்தில் கேட்ட பிறகும் பாக்கி தீராவிட்டால் அது வேண்டுமென்றே செய்த தவறாகக் கொள்ளப்படும் என்ற விளக்கம் 1973-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1985-ஆம் ஆண்டு ஜனவரியில், சுந்தரம் பிள்ளை வழக்கு என்று வழக்கறிஞர்கள் குறிப்பிடும் வழக்கில், உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. அவ்வாறு அறிவிப்புக் கொடுக்கப்பட்டும் கட்டாதவர் தப்ப முடியாது. அறிவிப்பே கொடுக்கப்படாதபோது, அவர் நிலைமை என்ன, நோக்கம் என்ன என்பதை நீதிமன்றம் ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும். ஏழையின் இயலாமையையும் செல்வரின் பிடிவாதத்தையும் பிரித்துப் பார்க்கும் இந்தப் பார்வை நமக்கு மனநிறைவு தருகிறது.

அடுத்த ஆண்டே மற்றொரு தீர்ப்பு வந்தது. மாத வாடகை ரூ.400-க்கு மேற்பட்ட குடியிருப்பு வீடுகளுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்றிருந்த விதியை, சமத்துவ உரிமைக்கு முரண் என்று கூறி 1986-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. கடைக்கு அந்த வரம்பு இல்லாதபோது வீட்டுக்கு மட்டும் ஏன் என்பதே நீதிபதிகளின் கேள்வி.

ஆயினும் இச்சட்டத்தின் கீழ் வழக்குகள் நீண்டன. மதுரையில் கீழ்நிலையில் தொடங்கிய வழக்கு, மேல்முறையீடு கடந்து, சீராய்வுக்காகச் சென்னை வரை சென்றது. இரவு ரயிலில் சென்று, வாய்தா வாங்கித் திரும்பிய காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2004-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்ட பின்னரே அந்த அலைச்சல் குறைந்தது.

மறுபக்கத்தையும் காண்போம்

வீட்டுக்காரர் எல்லாரும் செல்வர் அல்லர். கணவர் விட்டுச்சென்ற வீட்டில் ஒரு பகுதியில் தாம் இருந்துகொண்டு, மறுபகுதியின் வாடகையில் மருந்து வாங்கும் விதவைத் தாய்மார் நம் தெருக்களில் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் பேசிய சிறு வாடகையையே கொடுத்துக்கொண்டு, வீட்டையும் விடாமல், வழக்கையும் இழுத்தடித்த குடித்தனக்காரர்களும் இருந்தார்கள். வாடகை உயராததால் வீட்டுக்காரர் பழுது பார்க்கவில்லை. பழுது பார்க்காததால் சுவர் விரிந்து கூரை ஒழுகியது. மனம் கசந்தவர்கள் வீட்டைப் பூட்டியே வைத்தார்கள். குடியிருப்பவரைக் காக்க வந்த சட்டமே வாடகை வீடுகள் குறையவும் ஒரு காரணமாயிற்று என்ற முறையீடு நாடெங்கும் எழுந்தது.

இந்த முறையீட்டின் விளைவாகத் தமிழகத்தில் 2017-ஆம் ஆண்டின் 42-ஆம் சட்டம் இயற்றப்பட்டு, 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் விடைபெற்றது. அதன் கீழ் ஏற்கெனவே தொடுக்கப்பட்ட வழக்குகள் மட்டும் தொடர்ந்தன. வீட்டுக்காரர், குடியிருப்பவர் ஆகிய இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒருங்கே கூறுவது புதிய சட்டம்.

இதன் உயிர்நாடி எழுத்துதான். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரே அந்த அதிகாரி. இதற்கென அரசின் இணையதளமும் உண்டு. 'பதினொரு மாதத்திற்குத்தானே எழுதுகிறோம், பதிவு எதற்கு?' என்று நம்மவர் கேட்பது வழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்யவேண்டும் என்ற பழைய விதியைத் தவிர்க்கவே அந்தப் பதினொரு மாதக் கணக்கு தோன்றியது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. பதினொரு மாதம் என்பதால் அதிலிருந்து தப்ப இயலாது.

வாடகை எவ்வளவு, எப்போது எவ்வளவு உயரும் என்பதெல்லாம் இப்போது ஒப்பந்தத்தைப் பொறுத்தவை. இரண்டு மாத வாடகை பாக்கியாகி, எழுத்தில் கேட்டும் ஒரு மாதத்திற்குள் தீர்க்காவிட்டால், வெளியேற்றக் கோரி வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். சட்டப்படியான ஒப்பந்தம் எழுதத் தவறியதே வெளியேற்றத்திற்கு ஒரு காரணமாகவும் ஆகலாம் என்பதைக் குடியிருப்போர் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். 'இருபது ஆண்டாக இருக்கிறோம், எங்களை யார் கேட்பது?' என்ற நம்பிக்கை இனிச் செல்லாது.

அன்றாடம் எழும் சச்சரவுகள்

முன்பணத்தைப் பற்றிய சச்சரவே மிகுதி. வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்கிறது புதிய சட்டம். 'வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி' என்ற சொற்களைக் கவனியுங்கள். நாம் கையெழுத்திடும் தாளில் என்ன இருக்கிறது என்பதே முடிவு. காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை, உடைந்த குழாய்க்கு இவ்வளவு, சுவரில் ஆணி அடித்ததற்கு இவ்வளவு என்று கழிப்பதில் மனக்கசப்புத் தோன்றுகிறது. குடிவரும் நாளிலேயே இருவரும் வீட்டைச் சுற்றிப் பார்த்து, எது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து இருவரும் கையொப்பமிட்டால் இந்தக் கசப்புக்கு இடமில்லை. கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதும் நன்று.

அடுத்தது மின்சாரம். 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் வரை கட்டணம் இல்லை. ஆனால் ஒரே இணைப்பிலிருந்து நான்கு குடும்பங்கள் வாழும் வளவில், நால்வரின் செலவும் ஒன்றாகச் சேர்ந்து உயர்ந்த கட்டணப் படிக்குப் போய்விடுகிறது. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே ஒரு விலை வைக்கிறார். குடியிருப்பவர் ஏமாற்றப்படுவதாக எண்ணுகிறார். மின்வாரியத்தின் பட்டியலை எல்லாருக்கும் காட்டி, உள்மீட்டரின்படி பங்கிட்டுக்கொள்வது என்று முதலிலேயே எழுதிவிட்டால் ஐயம் நீங்கும்.

வாடகையை வாங்கிக்கொண்டு ரசீது தராமை பழைய நோய். சிலர் வெளியேற்றக் கருதி, வாடகையையே வாங்க மறுத்துப் பாக்கி ஏறவிடுவர். முற்காலத்தில் விவரம் தெரிந்தவர்கள் மணியார்டரில் அனுப்பி, 'வாங்க மறுத்தார்' என்று திரும்பி வந்த தாளைப் பத்திரப்படுத்துவார்கள். இன்று வங்கிக் கணக்கு வழியாகவோ கைப்பேசி வழியாகவோ செலுத்தினால் அதுவே சான்று. அதுவும் இயலாதபோது அதிகாரியிடம் வாடகையைக் கட்டிவைக்கச் சட்டத்தில் வழி உண்டு. 'அவர் வாங்கவில்லை, ஆகவே நான் கொடுக்கவில்லை' என்று சும்மா இருப்பது தன் கையாலேயே தன் வழக்கைக் கெடுப்பதாகும்.

மிகக் கொடியது, தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடும்பத்தைத் துரத்த முயல்வது. கைக்குழந்தையும் நோயாளியும் உள்ள வீட்டில் மோட்டாரை நிறுத்துவதைப் போன்ற கொடுமை வேறில்லை. பழைய சட்டமும் இதைத் தடுத்தது. புதிய சட்டமும் தடுக்கிறது. குடியிருப்பவர் எத்தனை மாத வாடகை பாக்கி வைத்திருந்தாலும் வீட்டுக்காரர் இதைச் செய்ய உரிமையில்லை. வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். ஆள்களை வைத்துச் சாமான்களை வெளியே எறிந்து பூட்டுப் போடுவதும் அத்தகையதே. சட்டத்திற்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்திற்குள் வழக்குத் தொடுத்து மீண்டும் குடியேற 1963-ஆம் ஆண்டின் தனிக்குறிப்பு நிவாரணச் சட்டம் இடந்தருகிறது.

இனி, வீட்டுக்காரர்களை ஆட்டிப்படைக்கும் ஓர் அச்சம்: 'பன்னிரண்டு வருஷம் ஒருவரை விட்டுவைத்தால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடும்' என்பது. இது தவறு. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரரின் உரிமையை ஒப்புக்கொண்டே உள்ளே வந்தவர். குடியிருந்துகொண்டே அந்த உரிமையை மறுக்கச் சாட்சியச் சட்டம் அவரை அனுமதிப்பதில்லை. வாடகைக்கு வந்தார் என்பதைக் காட்ட ஒரு தாள் இருந்தால் போதும். இந்த வீண் அச்சத்தால் நல்ல குடும்பங்களைப் பதினொரு மாதத்திற்கு ஒருமுறை விரட்டி, பிள்ளைகளின் படிப்பைக் கெடுப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஒத்தியின் ஆபத்து

இனி நாம் தொடங்கிய இடத்திற்கே வருவோம். ஒத்தி ஏன் இத்தனை குடும்பங்களைக் கவர்கிறது? மாதந்தோறும் வாடகை என்ற பாரம் இல்லை. கையில் இருக்கும் பணம் செலவாகாமல் ஓரிடத்தில் இருக்கிறது என்ற நிம்மதி. வீட்டுக்காரருக்கோ வட்டியில்லாமல் பெருந்தொகை கிடைக்கிறது. ஆனால் அவர் அந்தப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. மாடி கட்டுகிறார், மகனைப் படிக்க வைக்கிறார், பழைய கடனை அடைக்கிறார். ஆகவே அடுத்த ஒத்திக்காரரின் பணம் வந்தால்தான் முந்தியவருக்குத் திரும்பும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் கடைசியில் இருப்பவர் தவிக்கிறார்.

சட்டத்தின் பார்வையில் ஒத்தி என்பது அனுபவ அடமானம். வீட்டை அனுபவித்துக்கொள்ள விட்டு, அதையே கடனுக்கு ஈடாக வைப்பது அது. 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அத்தகைய அடமானம், இரு சாட்சிகள் கையொப்பமிட்டுப் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தாலேயே செல்லும். நான்கு லட்சத்திற்குப் பதிவு இல்லையெனில் என்ன பொருள்? வீட்டின்மேல் நமக்கு அடமான உரிமை ஏற்படவில்லை. நாம் வீட்டுக்காரருக்குக் கைக்கடன் கொடுத்தவராகவே நிற்கிறோம். பணத்தைக் கேட்டு வழக்குத் தொடுக்கலாம். ஆனால் அதற்கும் பொதுவாக மூன்று ஆண்டுதான் காலவரம்பு. 'தருகிறேன், தருகிறேன்' என்ற வாய்ச்சொல்லைக் கேட்டுக்கொண்டே அந்த மூன்றாண்டையும் கழித்துவிட்டவர்களின் நிலை இரங்கத்தக்கது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வீட்டுக்காரர் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருப்பார். அதை மறைத்தோ, 'பத்திரம் பாங்கில் பத்திரமாக இருக்கிறது' என்று சிரித்துக்கொண்டே சொல்லியோ ஒத்திக்கு விடுவார். கடன் தவணை நின்றதும் வங்கி 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறுபது நாள் அறிவிப்புக் கொடுத்து, பின்னர் வீட்டைக் கைப்பற்ற வரும். அந்த அறிவிப்புக் கடன்காரருக்குத்தான் போகும். குடியிருக்கும் நமக்குச் சுவரில் ஒட்டப்பட்ட தாளைக் கண்ட பிறகே செய்தி தெரியும். வங்கியின் அடமானத்திற்கு முந்தியதாகவும் சட்டப்படி செல்லத்தக்கதாகவும் உள்ள வாடகை உரிமைக்குப் பாதுகாப்பு உண்டு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அடமானத்திற்குப் பின்னர், பதிவற்ற தாளோடு வந்தவர் என்ன சொல்லி நிற்க முடியும்? வீடும் போய், ஒத்திப் பணமும் போய், நடுத்தெருவில் நிற்க நேரும்.

ஆகவே ஒத்திக்குப் பணம் கொடுக்குமுன் மூன்றைச் செய்யாமல் இருக்கலாகாது. முதலாவது, மூலப்பத்திரத்தைக் கண்ணால் காணுங்கள், நகல் போதாது. இரண்டாவது, பதிவுத்துறையில் வில்லங்கச் சான்று எடுத்து, வீட்டின்மேல் கடனோ வழக்கோ உண்டா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மூன்றாவது, முத்திரைத்தாளுக்கும் பதிவுக்கும் ஆகும் செலவைப் பாராமல் ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். பதிவுக்கு இணங்காத வீட்டுக்காரரிடம் வாழ்நாள் சேமிப்பைக் கொடுப்பதைவிட, மாத வாடகை கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்குவது மேல். பணத்தை ரொக்கமாகக் கொடாமல் வங்கி வழியாகக் கொடுங்கள் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

கோயில் வீடுகள்

நம் சபைக்குரிய ஒன்றையும் இங்குக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. பங்குக் கோயில்களுக்கும் துறவற இல்லங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் சொந்தமான வீடுகளும் கடைகளும் பல ஊர்களில் வாடகைக்கு விடப்பட்டிருக்கின்றன. 1976-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசு பிறப்பித்த 2000-ஆம் எண் ஆணை, இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமிய சமயப் பொது அறநிலையங்களின் கட்டடங்களுக்கும் பொது அறக்கட்டளைகளின் கட்டடங்களுக்கும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து விலக்களித்தது. அந்த ஆணை செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் பின்னர் ஏற்றுக்கொண்டது. மிகக் குறைந்த வாடகையால் அறப்பணிகள் குன்றுகின்றன என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

இதில் இரு பக்கமும் சிந்திக்க வேண்டியது உண்டு. அனாதைப் பிள்ளைகளின் உணவுக்கும் ஏழை மாணவரின் படிப்புக்கும் உரிய வருவாயை, தாத்தா காலத்து வாடகையையே கொடுத்து அடைத்துக்கொள்வது ஏழையின் பங்கை உண்பதாகும். அதுபோலவே, சட்டத்தின் கட்டு தளர்ந்திருக்கிறது என்பதற்காக, நாற்பதாண்டு குடியிருந்த ஒரு முதிய தம்பதியரைத் திடீரென்று வெளியேற்றுவதும் நற்செய்தியைப் போதிப்பவர்க்கு அழகன்று. சட்டம் எங்கே நம்மைக் கட்டவில்லையோ, அங்கே மனச்சான்று நம்மை இருமடங்காகக் கட்டுகிறது.

எங்கே போவது?

சச்சரவு எழுந்ததும் நீதிமன்றத்திற்கு ஓட வேண்டுவதில்லை. முதலில் இருவரும் அமர்ந்து பேசட்டும். இருவரும் மதிக்கும் ஒரு பெரியவரோ பங்குக் குருவானவரோ உடனிருந்தால் நலம். ஆனால் அங்கே தீர்ந்ததையும் எழுத்தில் போட்டுக் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். குருவானவர் மாற்றலாகிப் போனபின் அந்தப் பேச்சுக்குச் சாட்சி யார்?

அப்படியும் தீராவிடில், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர், தொழிற்சாலைத் தொழிலாளர், வருமானம் குறைந்தோர் முதலியோர்க்கு அங்கே கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி கிடைக்கும். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை என்பதை நம் தாய்மார் பலர் அறியார். மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் இசைந்து முடித்துக்கொண்டால், அந்த முடிவு உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு இணையானது. அதற்கு மேல்முறையீடும் இல்லை. இரவு ரயிலும் வாய்தாவும் இல்லாமல் ஒரே நாளில் முடியக்கூடிய வழக்குகள் எத்தனையோ.

எழுத்து அன்பின் காவல்

'தெரிந்தவர்தானே, நம்ம ஆள்தானே, அவரிடம் போய் எழுதிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது?' என்ற தயக்கம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கேட்டால் அவநம்பிக்கை என்று எண்ணிவிடுவாரோ என்று அஞ்சுகிறோம். ஆனால் திருமணத்தைக் கோயில் ஏட்டில் எழுதிக் கையொப்பமிடுகிறோம்; ஞானஸ்நானத்தையும் எழுதுகிறோம். மணமக்கள் ஒருவரையொருவர் நம்பாததாலா எழுதுகிறோம்? மனித நினைவு மங்கும், மனிதர் மறைவர், சொன்ன சொல் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம். வாடகை ஒப்பந்தமும் அத்தகையதே. வாங்கியவர் இறந்து, அவருடைய மக்கள் 'அப்பா இதைப் பற்றி எங்களிடம் சொல்லவே இல்லையே' என்று கூறும் நாளில், அந்த ஒரு தாளே ஒரு குடும்பத்தைக் காக்கும்.

நான்கு லட்சத்தைக் கேட்டு நின்ற அந்தத் தாயை மறுபடியும் நினைத்துப் பார்ப்போம். அவருக்கு அன்று தேவைப்பட்டது பெரிய சட்ட அறிவு அன்று. மூன்று ஆண்டுக்கு முன் ஒரு காலைப் பொழுதைச் செலவிட்டு வில்லங்கச் சான்று எடுத்து, இரு சாட்சிகளுடன் சார்பதிவாளர் அலுவலகம் சென்றிருந்தால், வீட்டையே ஈடாகக் காட்டிச் சட்டத்தின் துணையோடு தம் பணத்தைக் கேட்டிருக்கலாம். அந்த ஈடு கண்முன் நிற்கும்போது, 'அடுத்த ஆள் வரட்டும்' என்று வீட்டுக்காரரும் எளிதில் சொல்லியிருக்கமாட்டார்.

வரும் ஆனி மாதத்தில் வீடு மாறவிருக்கும் குடும்பங்களே, வீட்டை விடவிருக்கும் பெரியோர்களே, பாலைக் காய்ச்சுமுன் பத்திரத்தை எழுதுங்கள். அதன்பின் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு, நல்ல அயலாராய் நெடுநாள் வாழுங்கள்.